மருந்து பூசிய சுருள்

பத்தாம் வகுப்பில் மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது என் கைப்பைக்குள் போன் அடித்தது. வகுப்பில் நான் போன் எடுப்பதில்லை. மூன்று தரம் அடித்து ஓய்ந்தது. நாலாம் தரமும் அடித்தபோது முன்வாங்கில் இருந்த மாணவி, "ரீச்சர், அவசரமாக்கும், எடுங்கோ" என்றாள்.

பேசியவர் என் கணவரோடு வேலை செய்யும் கொண்டக்டர். "அக்கா, பயப்பிடாதேங்கோ" என்று தொடங்கினார். "அண்ணைக்கு நெஞ்சு நோ. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திட்டம். நீங்கள் உடனை வெளிக்கிட்டு வாங்கோ."

என் கணவர் ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடும் பஸ்ஸின் சாரதி. இருபது வருடத்துக்கு மேலாக அதே றோட்டு. அன்று காலை இரண்டாவது ஓட்டத்தில், அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலத்தில் ஏறுவதற்குச் சற்று முன்னால் பஸ்ஸை ஓரங்கட்டியிருக்கிறார். ஹாண்ட் பிறேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றிக் கொண்டக்டரின் கையில் கொடுத்து, "சனத்தை இறக்கு, எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றாராம். பிறகு ஸ்ரேறிங்கில் தலையைச் சாய்த்துச் சத்தி எடுத்திருக்கிறார். பின்னால் வந்த வான் ஒன்றை மறித்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அதிபர் தன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் அந்த பஸ் நின்றது. கதவு திறந்தபடி, சாரதி ஆசனம் வெறுமையாக. கொஞ்சப் பேர் இன்னும் றோட்டோரத்தில் வேறு பஸ்ஸுக்காக வெயிலில் நின்றார்கள். அதில் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு கையைத் தலையில் வைத்தாள். என் கணவருக்கு நாற்பத்தொன்பது வயது. சிகரெட் இல்லை, குடி இல்லை, சீனி வருத்தமும் இல்லை. பாலத்தின் நடுவில் அது வந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு வந்தது. உடனே அதை நினைத்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. அவர் நினைத்திருக்கிறார், அதனால்தான் நிறுத்தியிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். ஒரு மணித்தியாலம் கழிந்து இளம் பெண் டொக்டர் ஒருவர் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். கம்பியூட்டர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறப் பின்னணியில் கறுப்புக் கிளைகள். இலை கொட்டிய மரம்போல இருந்தது. ஒரு கிளை பாதியில் வெட்டினாற்போல நின்றது.

"இதுதான் அம்மா அடைபட்ட குழாய்" என்றார். அடுத்த படத்தில் அந்தக் கிளை நுனிவரை ஓடியது. "இப்ப பாருங்கோ. உள்ளுக்கை ஸ்ரென்ற் எண்டிற சின்னக் கம்பிச் சுருள் வைச்சுத் திறந்திருக்கிறம். மருந்து பூசின சுருள்."

நான் அந்த இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். என் கணவரின் உயிர் இத்தனை ஒடுக்கமான ஒரு இடத்தால்தான் போய்வந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. இருபத்தொரு வருடம் அந்த நெஞ்சுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு விடும்போது ஒரு அட்டையும், அதோடு சேர்ந்த சிறு துண்டுப்பிரசுரமும் தந்தார்கள். அட்டையில் சுருளின் நீளம், அகலம், வைத்த திகதி. அதை எப்போதும் சட்டைப்பைக்குள் வைத்திருக்கச் சொன்னார்கள். மருந்துக் குளிசைகள் ஒரு பை நிறைய. "இந்த ரெண்டையும் ஒரு நாளும் விடக்கூடாது. நாங்கள் சொல்லாமல் நிப்பாட்டக்கூடாது" என்று தாதி இரண்டு பெட்டிகளிலும் சிவப்புப் பேனையால் கோடு போட்டுத் தந்தார். நான் தலையாட்டினேன். என் கணவரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். கரம்பொன்னில் எங்கள் வீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் அந்தச் சுருளைப் பற்றிச் சொல்வது என் வேலையாகிவிட்டது. துண்டுப்பிரசுரத்தில் ஒரு பெரிய வர்ணப் படம் இருந்தது. சுருளின் மேற்பரப்பைப் பல ஆயிரம் மடங்கு பெருப்பித்து எடுத்த படம். மேற்பரப்பெல்லாம் தேன்கூடுபோலத் துளைகள். ஒவ்வொரு துளையும் நனோமீற்றர்க் கணக்கில். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் அப்படி எத்தனையோ துளைகளை வரிசையாக அடுக்கலாம். அந்தத் துளைகளுக்குள் மருந்தை நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஒரேயடியாகக் கரைந்து போகாமல், கிழமைக் கணக்கில், மாதக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மருந்து வெளிவரும் விதத்துக்கு ஒரு கோடு கீறியிருந்தார்கள். அந்த வளைவைப் பார்த்ததும் எனக்கு உண்மையில் உடம்பு புல்லரித்தது. பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாகக் கிடந்த விசயம் என் வீட்டு மனிசனின் நெஞ்சுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

"அப்ப உள்ளுக்கையே மருந்து விடுதோ?" என்று பக்கத்து வீட்டு அக்கா வாயில் கை வைத்தா.

"ஓம் அக்கா. ஊசியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அது தன்ரை பாட்டிலை விட்டுக்கொண்டிருக்கும்."

கதிரையில் சாய்ந்திருந்த என் கணவர் சிரித்தார். "என்ரை நெஞ்சுக்குள்ளை ஒரு டிஸ்பென்சரி திறந்து வைச்சிருக்கினம். ஞாயிறும் லீவில்லை."

வருகிறவர்களுக்கெல்லாம் அவரும் அதைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். அந்தத் துண்டுப்பிரசுரத்தை நான் வகுப்புக்கும் கொண்டுபோனேன். பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பரப்பளவு என்றால் என்ன, சிறிய துளைகள் கூடக்கூடப் பரப்பு எப்படிக் கூடுகிறது என்று அன்று நான் படிப்பித்ததுபோல என் வாழ்நாளில் படிப்பித்ததில்லை. ஊசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்ற வாக்கியத்தை அங்கேயும் சொன்னேன்.

அவரை பஸ் ஓட விடவில்லை. டிப்போவில் ஒரு மேசை கொடுத்து, பஸ் வரும் நேரமும் போகும் நேரமும் எழுதச் சொன்னார்கள். ஆறு மாதம் கழிந்து மெடிக்கல் பரிசோதனை. அதில் சரியென்றால்தான் திரும்ப ஸ்ரேறிங். அந்த மேசை அவருக்குச் சிறையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு றோட்டைப் பார்த்தபடி இருப்பார். கைகளில் ஆங்காங்கே நீலம் பாரித்திருக்கும். எங்கே இடித்தது என்று அவருக்கே தெரியாது. பல் விளக்கினால் இரத்தம் வரும். குளிசையால் அப்படித்தான் இருக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

ஒரு பின்னேரம். தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் மேசை நிறையக் கிடந்தன. நான் சிவப்புப் பேனையோடு குனிந்திருந்தேன். அவர் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார்.

"இஞ்சாரும், அந்தச் சுருள் இன்னும் மருந்து விட்டுக்கொண்டுதானே இருக்கு?"

"ஓம்" என்றேன்.

"எத்தினை மாதத்துக்கு?"

"ஒரு வருசத்துக்கிட்டவெண்டு வையுங்கோவன்." அது பிரசுரத்தில் இருந்த கணக்கல்ல. நான் சரியாகப் பார்க்கவுமில்லை. ஒரு பிள்ளை ஒட்சிசனுக்கும் காபனீரொட்சைட்டுக்கும் மாறி எழுதியிருந்தது. என் கண் அதில் இருந்தது.

"அப்ப சரி" என்று அவர் போய்விட்டார்.

அந்தப் பேச்சு அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இல்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை காலை, ஒன்பது மணியிருக்கும். நான் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் வேலிக்கு மட்டை கட்டிக்கொண்டு நின்றவர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். சேட் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வேலை செய்த வியர்வை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். சாம்பலைப் பூசியதுபோல இருந்தது.

"அண்டைக்கு மாதிரியே இருக்கு" என்றார்.

நான் கத்தினேன் என்று பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொன்னா. எனக்கு ஞாபகம் இல்லை. அவவின் மகனுடைய ஆட்டோவில் ஐந்து நிமிடத்தில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். என் கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்ததை அங்கே போய்த்தான் கண்டேன். ஈ.சி.ஜி. எடுத்த டொக்டர் தாளைக் கையில் பிடித்தபடி, சுருள் வைத்த அட்டையையும் பார்த்தார். அவருடைய முகம் இறுகியது.

"குளிசை ஒழுங்காப் போடுறவரோ?"

"ஓம் டொக்டர்" என்றேன். "ஒரு நாளும் விடேல்லை. காலமை சாப்பாட்டோடை நான்தான் எடுத்து வைக்கிறனான்."

கட்டிலில் கிடந்த என் கணவர் என்னைப் பார்த்தார். நோவில் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

ஏதோ ஊசி போட்டு, உடனே அம்புலன்சில் ஏற்றினார்கள். ஒரு தாதி கூட வந்தார். நான் அவருடைய காலடியில் இருந்தேன். நாரந்தனை, வேலணை, மண்கும்பான். அவர் தினமும் ஓடிய றோட்டு. ஒவ்வொரு வளைவிலும் அம்புலன்ஸ் சாய்ந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு எந்த இடம் என்று கணக்குப் பார்ப்பதுபோல இருந்தது. பாலத்தில் ஏறியதும் காற்றுச் சத்தம் மாறியது. அவர் முகத்திலிருந்த ஒட்சிசன் மூடியைக் கையால் விலக்கினார்.

"நான் குளிசை போடேல்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "காலமை போட்டனீங்கள்தானே. நான் வைச்சுப்போட்டுத்தானே..."

"சிவப்புக் கோடு போட்ட ரெண்டிலை ஒண்டை. ரோஸ் நிறக் குளிசையை. ரெண்டு மாதமாப் போடேல்லை."

தாதி திரும்பிப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே கடல் இரண்டு பக்கமும் வெயிலில் தகதகத்தபடி ஓடியது. எனக்கு அந்த நேரம் அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்ததுபோல எல்லாச் சத்தமும் தூரப் போனது. தாதி மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, போனை எடுத்து யாழ்ப்பாணத்துக்குச் சொன்னார். "பேசன்ற் குளிசையை நிப்பாட்டியிருக்கிறார். ஓம், ரெண்டு மாதம். வைஃபுக்குத் தெரியாதாம்."

பெரியாஸ்பத்திரியில் அதே இளம் டொக்டர்தான் கதவடியில் நின்றார். கட்டில் உருண்டுகொண்டிருக்கும்போதே குனிந்து கேட்டார்: "ஐயா, ஆர் உங்களைக் குளிசையை நிப்பாட்டச் சொன்னது?"

அவர் கையைத் தூக்கி என்னைக் காட்டினார். "இவதான் சொன்னவ, சுருளே மருந்து விடுதெண்டு."

கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கதவுக்கு முன்னால் நான் நின்ற நேரம் எவ்வளவு என்று இன்றும் தெரியாது. என்னைக் காட்டிய அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது. குற்றம் சாட்டுகிறமாதிரிக்கூட அவர் அதைச் செய்யவில்லை. கேட்டார்கள், சொன்னார். உண்மையும் அதுதான். தன் நெஞ்சைப் பற்றிய கேள்விக்கு, தன் வீட்டில் விஞ்ஞானம் தெரிந்த ஆளிடம் பதில் கேட்டிருக்கிறார். நான் விடைத்தாளில் இருந்து தலையைத் தூக்காமல் ஓம் என்றிருக்கிறேன்.

உள்ளே ஓடினார்கள். ஒரு மெசினைத் தள்ளிக்கொண்டு போனார்கள். யாரோ "விலகுங்கோ" என்று சொல்லிக் கேட்டது. பிறகு ஒரு அடி விழுந்த சத்தம். திரும்பவும் ஒன்று. அது என்னவென்று எனக்குத் தெரியும், தெரியாமல் இருந்திருக்கலாம்.

டொக்டர் வெளியே வந்தபோது நான் சுவரோடு நிலத்தில் இருந்தேன். அவர் என்னை எழுப்பிக் கதிரையில் இருத்தினார்.

"ரெண்டு தரம் நிண்டு போச்சுது. கரண்ட் குடுத்துத் திருப்பி எடுத்தனாங்கள். சுருளுக்குள்ளை இரத்தம் கட்டியாப் போய் முழுசா அடைச்சிட்டுது. கட்டியை எடுத்து, பக்கத்திலை இன்னொரு சுருள் வைச்சிருக்கிறம். இப்ப உயிர் இருக்கு. நாளைக்குத்தான் மிச்சம் சொல்லலாம்."

"டொக்டர், அந்தப் பூச்சிலை மருந்து இருந்ததுதானே" என்றேன். "பிறகேன் இரத்தம் கட்டினது?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள் அம்மா?"

"விஞ்ஞானம் படிப்பிக்கிறனான்."

அவர் சிரிக்கவில்லை, அதற்காக நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். கையிலிருந்த பேனையின் மூடியைக் கழற்றி, அதைக் குழாய்போலப் பிடித்துக்காட்டினார்.

"இரத்தக்குழாய்க்கு உள்பக்கத்திலை ஒரு மெல்லிய தோல் இருக்கு. அந்தத் தோலிலை இரத்தம் கட்டாது. நாங்கள் ஒரு கம்பிச் சுருளை வைச்சால் அந்தத் தோல் காயப்படும். உடம்பு அந்தக் காயத்தை ஆத்தப் பாத்து, சுருளைச் சுத்தித் தசையை வளர்க்கும். கூட வளர்ந்தால் குழாய் திரும்ப ஒடுங்கிப் போகும். பூச்சிலை இருக்கிற மருந்து அந்தத் தசை வளராமல் தடுக்கிறதுக்கு. அது இரத்தத்துக்கு இல்லை."

"இரத்தத்துக்கு இல்லையோ?"

"இல்லை. அதோடை இன்னொண்டு. வளர விடாத மருந்து நல்ல தோலையும் கெதியா வளர விடாது. அது மூடுமட்டும் கம்பி வெறுமையா இரத்தத்துக்குள்ளை கிடக்கும். வெறுங்கம்பியைக் கண்டால் இரத்தம் கட்டும். அது கட்டாமல் இருக்கத்தான் குளிசை. அந்தப் பூச்சு இருக்கிறபடியால்தான் அம்மா, அந்தக் குளிசையை விடவே ஏலாது."

நான் மறந்துபோன ஒரு சிறு விசயம் அல்ல அது. தலைகீழாகச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பூச்சைக் காட்டி ஊசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஊர் முழுக்கச் சொன்னேனோ, அந்தப் பூச்சுத்தான் குளிசையைக் கட்டாயமாக்கியது. மருந்து என்று எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னோம். டொக்டர் சொன்னது ஒரு மருந்து, என் கணவர் நினைத்தது வேறு மருந்து. நான் எதையுமே நினைக்கவில்லை. துளைகளின் அழகைத்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனபோது அந்தத் துண்டுப்பிரசுரத்தைத் தேடி எடுத்தேன். மறுபக்கத்தில், சிறிய ஆங்கில எழுத்தில், எல்லாம் இருந்தது. குளிசையை இடையில் நிறுத்தினால் சுருளுக்குள் இரத்தம் உறையலாம், உயிருக்கு ஆபத்து என்று தடித்த எழுத்தில் ஒரு பெட்டியே போட்டிருந்தார்கள். படம் இருந்த பக்கத்தை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன். தாளைத் திருப்பவில்லை. மருந்து முழுவதும் வெளிவர எத்தனை நாள் என்ற கோடும் சில மாதங்களிலேயே முடிந்துவிட்டிருந்தது. நான் சொன்ன ஒரு வருடம் அதில் எங்கேயும் இல்லை.

அவருடைய சேட் எடுக்க அலுமாரியைத் திறந்தேன். மடித்து வைத்திருந்த காக்கிச் சேட்டின் பைக்குள் கை பட்டது. ஒரு பொலித்தீன் பை. அதற்குள் ரோஸ் நிறக் குளிசைகள். ஒவ்வொரு நாளும் நான் எடுத்து வைத்ததை ஒவ்வொரு நாளும் இதற்குள் போட்டிருக்கிறார். எறிய மனம் வரவில்லைப்போலும். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். அது கையில் பாரமே இல்லை.

பதினொரு நாளில் அவரை வீட்டுக்கு விட்டார்கள். இதயத்தின் ஒரு பக்கம் பலவீனமாகிவிட்டது, இனிப் பாரம் தூக்கக்கூடாது, பஸ் ஓடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது அவர் டொக்டரைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாளும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் குளிசையை வாய்க்குள் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து எனக்குக் காட்டுவார். பகிடியாகத்தான் செய்தார். மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. "உப்பிடிக் காட்டாதேங்கோ" என்று கத்திவிட்டேன்.

"அண்டைக்கு நீங்கள் என்னைக் கேட்டனீங்கள்" என்றேன். "நான் ஓம் எண்டனான். நான் அண்டைக்குத் தலையைத் தூக்கி, ஏன் கேக்கிறியளெண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால்..."

"உம்மிலை பிழை இல்லை."

"பிழை இல்லையோ? டொக்டருக்கு முன்னாலை கையை நீட்டிக் காட்டினனீங்கள்."

அவர் குளிசைப் பெட்டியை மூடி வைத்தார். வெளியே முற்றத்தில் கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார்: "மெடிக்கலுக்குப் போகேக்கை என்ன குளிசை போடுறீரெண்டு கேப்பினம். உந்தப் பட்டியலை வாசிச்சால் ஆர் என்னை பஸ் ஓட விடுவினம்? கையெல்லாம் நீலம். ஒண்டையெண்டாலும் குறைச்சுக் காட்டுவமெண்டு முதலே முடிவெடுத்திட்டன். உம்மட்டைக் கேட்டது ஒரு சாட்டுக்கு. நீர் இல்லையெண்டிருந்தாலும் நிப்பாட்டியிருப்பன்."

அது உண்மையா, என்னை ஆற்றுவதற்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. திரும்பக் கேட்கவும் துணிவில்லை. என் கைமேல் தன் கையை வைத்தார். அதில் பழைய நீலம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

லீவு முடிந்து பாடசாலைக்குப் போன முதல் நாள், பத்தாம் வகுப்புக்குப் போய்ப் பாடத்தைத் தொடங்காமல் நின்றேன். "நான் உங்களுக்கு ஒரு விசயம் பிழையாச் சொல்லித் தந்திட்டன்" என்றேன். டொக்டர் பேனை மூடியை வைத்துச் சொன்னதையெல்லாம் சொன்னேன். கடைசியில் ஒருத்தி கையை உயர்த்தினாள். "எங்கடை மாமாவுக்கும் சுருள் வைச்சிருக்கு ரீச்சர். நான் அவருக்குப் போய்ச் சொன்னனான், நீங்கள் சொன்னதை."

நான் அவளுடைய மேசையடிக்குப் போனேன். "அவர் குளிசை போடுறவரோ?"

"தெரியாது ரீச்சர்."

இடைவேளைக்கு மணி அடிக்க முதலே அவளை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் மாமாவுக்குப் போன் எடுக்க வைத்தேன். அவர் வேலணையில் வெங்காயத் தோட்டத்துக்குள் நின்றார். போடுகிறாராம், ஒரு நாளும் விடவில்லையாம். "பிள்ளை ஏதோ சொன்னது, நான் காதிலை போடேல்லை ரீச்சர்" என்று சிரித்தார். அவர் போனை வைத்த பிறகும் நான் அதைக் காதில் வைத்தபடி நின்றேன். வேறு எத்தனை பேர், யார் யாருக்குச் சொல்லியிருப்பார்கள்? அன்று பின்னேரத்திலிருந்து, முன்பு எங்கள் வீட்டுக்கு வந்து சுகம் விசாரித்த ஒவ்வொருவர் முகமாக நினைத்து, பக்கத்து வீட்டு அக்காவில் தொடங்கி, எல்லோரிடமும் போய் நான் சொன்னது பிழை என்று சொல்லி முடிக்க மூன்று நாள் எடுத்தது. சிலருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே விளங்கவில்லை. சொன்னேன்.

ஒரு வருடத்துக்கு மேல் கழிந்துவிட்டது. அவர் வேலையை விட்டுவிட்டார். காலையில் பக்கத்துக் காணியில் நாலு கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் விடுவார். ஆறுதலாக, இடையிடையே நின்று. போன மாதம் கிளினிக்குக்குப் போனோம். அதே டொக்டர். கொப்பியைப் புரட்டினார், நெஞ்சுக்கு எடுத்த ஸ்கானைப் பார்த்தார்.

"ஐயா, இனி இந்த ரோஸ் குளிசையை நிப்பாட்டலாம். மற்றதைத் தொடர்ந்து போடுங்கோ."

நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். "ஏலாது டொக்டர்" என்றேன். வரிசையில் இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. "நிப்பாட்ட ஏலாது. இன்னும் கொஞ்ச நாள் போடட்டும். வாழ்நாள் முழுக்கவெண்டாலும் போடட்டும்."

என் கணவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"அம்மா, இவ்வளவு நாளுக்குள்ளை கம்பிக்கு மேலை தோல் வளர்ந்திருக்கும். இனி இந்தக் குளிசையாலை வாற நன்மையை விட, வயித்துக்குள்ளை, தலைக்குள்ளை இரத்தம் கசியிற பயம்தான் கூட. அண்டைக்கு நிப்பாட்டினது பிழை. இண்டைக்கு நிப்பாட்டாமல் விடுறதுதான் பிழை."

"எழுதித் தாருங்கோ" என்றேன். "தமிழிலை. எதை நிப்பாட்ட, எதை நிப்பாட்டக்கூடாது, ஏனெண்டு."

அவர் மறுக்கவில்லை. பின்னால் அவ்வளவு பேர் காத்திருக்க, கிளினிக் கொப்பியில் அரைப் பக்கம் எழுதினார். கீழே கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்து வாங்கில் இருந்தோம். அவருக்குக் கண்ணாடி கொண்டுவர மறந்துபோயிருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்றார்.

"நிப்பாட்டலாமாம்."

"அதில்லை. முழுக்க வாசியும்" என்றார். "ஒரு வரியும் விடாமல்."

கொப்பியை மடியில் விரித்து, முதல் சொல்லிலிருந்து கையெழுத்துவரை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இடையில் இரண்டு இடத்தில் மறித்துக் கேள்வி கேட்டார். ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரிந்தது. மற்றதுக்குத் தெரியவில்லை. எழும்பித் திரும்பவும் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன்.